வெட்டாத மூச்சு

அன்று காலை ஐந்தே முக்காலுக்குள் நான் ஏழு முறை செத்திருந்தேன்.

எட்டாவது சாவுக்கு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இன்ஜினியர் கையைத் தூக்கினான். "கொஞ்சம் இயற்கையா சாவுங்கண்ணே. பாட்டுப் பாடுற மாதிரி இருக்கு."

டப்பிங் ஸ்டூடியோவில் என் பெயர் அடியாள். கதாநாயகனிடம் உதை வாங்கி விழும் தடியன்களுக்கெல்லாம் என் தொண்டைதான். நிஜத்தில் கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட மனைவியைக் கூப்பிடுகிற ஆள் நான். தெருவில் லாரிகள் ஓட ஆரம்பித்தால் சத்தம் சுவரைத் தாண்டி உள்ளே வரும் என்பதால் விடியும் முன்பே எங்களுக்கு வேலை. ஃபேன் கூடாது, ஏசி கூடாது. சரசரக்கும் சட்டை கூடாது. வெறும் வயிற்றோடு வந்தால் வயிறு இரைவது மைக்கில் விழும்; நிறையத் தின்றால் ஏப்பம் விழும். பெட்டி போன்ற அறை, நாலு பக்கமும் கறுப்புப் பஞ்சு. வியர்வை முதுகில் ஊர்ந்து இறங்கும். சொறியக் கூடாது.

எட்டாவது முறையும் செத்துவிட்டு அசையாமல் நின்றேன். அப்போதுதான் ஹெட்போனுக்குள் யாரோ கூப்பிட்டார்கள்.

"பாப்பா..."

கூப்பிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. வெறும் மூச்சு. அதன் பின்னாலேயே ஒரு பெண் குரல், "கதவைத் திற. நான்தான் வந்திருக்கேன்" என்றது.

பதினான்கு வருஷம் பக்கத்து மைக்கில் கேட்ட குரல் அது. நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவளின் குரல்.

அக்காவுக்குக் குரல் போய் ஆறு மாதம் ஆகிறது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இன்ஜினியர் பதறிப்போய் ஏதோ பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தான்.

அக்கா குரலை இழந்ததும் இதே அறையில்தான். வெள்ளத்தில் பிள்ளையைத் தொலைத்த தாய் வேஷத்துக்கு அலற வேண்டிய நாள். ஒன்பது மணி நேரம் அலறினாள். நடுவில் இரண்டு முறை வெந்நீர் கேட்டாள். "இன்னும் ஒரே ஒரு டேக்" என்று முதலாளியின் குரல் ஸ்பீக்கரில் வந்துகொண்டே இருந்தது. கடைசி அலறலில் மைக்கின் முன்னால் கட்டியிருந்த துணியில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. குரல் இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த டேக் நன்றாக வந்திருந்ததால் படத்தில் அதையே வைத்துக்கொண்டார்கள்.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வசனத்துக்கும் முன்னால், மூச்சோடு மூச்சாக, "பாப்பா" என்று தன் மகளைக் கூப்பிட்டுக்கொள்வாள். மகாராணியாகப் பேசினாலும் சரி, கொலைகாரியாகப் பேசினாலும் சரி. ஏன் என்று கேட்டதற்கு, "மைக்கைப் பார்த்துப் பேசினா நடிப்பாப் போயிடும்டா. எதிர்ல ஒரு ஆள் வேணும்" என்றாள். அந்த முனகலை வெட்டி எறிவது இன்ஜினியரின் வேலை. அதனாலேயே அவனுக்குக் கத்திரி என்று பெயர் வைத்தாள். வசனம் மட்டும் படத்துக்குப் போகும். பாப்பாவைக் கேட்டவர்கள் எங்களைத் தவிர யாருமில்லை.

ஏழு மணிக்கு முதலாளி வந்தார். எங்கள் பதினோரு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு காகிதம் நீட்டினார். இங்கே பதிவான குரல் எல்லாம் ஸ்டூடியோவுக்கே சொந்தம் என்று அதில் எழுதியிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து முக்கால்வாசி வேலையை, பதிவான குரல்களைக் கேட்டுப் பழகி அதே மாதிரி பேசும் மெஷின் பார்க்கும். கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் அலறல், இருமல், விக்கல் என்று மெஷினுக்கு வராத மிச்சம் மீதி கிடைக்கும். நாளைக் காலை வரை நேரம்.

முப்பத்திரண்டு வயதிலேயே தாத்தாக்களுக்கு மட்டும் குரல் கொடுப்பதால் கிழவர் என்று பெயர் வாங்கியவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப மெஷினுக்கு இன்னும் வயசாகலையா சார்?"

நான் வாயைத் திறந்தேன். "காலையில ஹெட்போன்ல ஒரு குரல் கேட்டேன். அது யாரோடது சார்?"

"யாரோடதும் இல்லப்பா. மெஷின் பேசுது."

"அது எங்க அக்கா குரல்."

"உங்க அக்காவுக்குத்தான் குரலே போயிடுச்சே. போன குரல் எப்படிப்பா பேசும்?" என்றார் முதலாளி, நிதானமாக.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை. காகிதத்தில் முனையை வைக்கும்போது ஹெட்போனில் கேட்ட அந்த மூச்சு திரும்பவும் காதில் விழுந்த மாதிரி இருந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாடிப்படிக்குக் கீழே கத்திரியை மடக்கினேன். கேட்கும் முன்பே கொட்டிவிட்டான். பழைய பதிவை எல்லாம் கொடு என்று முதலாளி கேட்டபோது, வெட்டி முடித்ததைக் கொடுக்காமல் அவசரத்தில் வெட்டாத டேப்பையே கொடுத்துவிட்டானாம். பாப்பா பிறந்ததிலிருந்து பத்து வருஷத்து டேக். அத்தனையிலும் பாப்பா.

"மெஷினுக்கு எது வசனம், எது மூச்சுன்னு தெரியாதுண்ணே. எதைப் பேசச் சொன்னாலும் முதல்ல பாப்பாவைக் கூப்பிடுது. ரயில் அறிவிப்புக்குக்கூடக் கூப்பிடுது. பாப்பா இருக்குற இடத்தையெல்லாம் வெட்டிட்டு மறுபடியும் பழக்கிப் பார்த்தேன். குரல் செத்துப்போகுதுண்ணே. பொணம் வாசிக்கிற மாதிரி. அதனால அதை வெட்ட வேண்டாம், சத்தத்தை மட்டும் குறைச்சிடுன்னு முதலாளி சொல்லிட்டாரு."

காலையில் ஹெட்போனில் கேட்ட அந்தத் துண்டை என் போனில் ஏற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, நடுவில் திரை. திரைக்கு அந்தப் பக்கம் பாப்பா பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பத்து வயது. இப்போதெல்லாம் அக்கா கையைத் தட்டித்தான் அவளைக் கூப்பிடுகிறாள். இரண்டு தட்டு என்றால் வா. மூன்று என்றால் ஓடி வா.

நடந்ததைக் கிசுகிசுத்தேன். அக்கா நம்பாமல் பார்த்தாள். போனை அவள் காதோடு வைத்தேன். சத்தத்தைக் குறைக்க மறந்துபோனேன். அதுதான் நான் செய்த தப்பு.

"பாப்பா... கதவைத் திற. நான்தான் வந்திருக்கேன்."

திரைக்குப் பின்னால் பென்சில் விழுந்தது.

"என்னம்மா?"

ஓடி வந்த பிள்ளை அம்மாவின் வாயைப் பார்த்தது. வாய் மூடியிருந்தது. கதவைப் பார்த்தது. கதவு திறந்தே கிடந்தது, வாசலில் யாருமில்லை. பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தது.

"மாமா, இன்னொரு தடவை போடுங்க."

அக்கா போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாள். பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது, சத்தம் மட்டும் இல்லை. ஊரையே அழ வைத்தவள் அழுகிறாள், அறையில் கடிகாரம்தான் கேட்கிறது. வெகுநேரம் கழித்துப் பாப்பாவின் நோட்டில் எழுதினாள்:

'என்னைக் கேக்காம என் பிள்ளையைக் கூப்பிடுறாங்க. நாளைக்கு நானும் வர்றேன்.'

அன்று இருட்டுவதற்குள் பத்து வீட்டுக் கதவையும் தட்டினேன். கிழவர் கையெழுத்தே போட்டு வைத்திருந்தார். போனில் அந்தத் துண்டை இரண்டு முறை கேட்டார். பிறகு காகிதத்தை நாலாகக் கிழித்தார். "நான் போன பிறகு என் இருமல் மட்டும் இங்கே தனியா சுத்திக்கிட்டு இருக்கக் கூடாதுப்பா" என்றார்.

மறுநாள் விடியலில் மூன்று பேருக்கான அறைக்குள் பன்னிரண்டு பேர் நின்றோம். நடு மைக்கின் முன்னால் அக்கா. பழைய துணியை மாற்றிப் புதுசு கட்டியிருந்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற முதலாளி, ஸ்பீக்கரில், "காகிதம் எங்கே?" என்றார்.

அக்கா நோட்டை விரித்துக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள்.

'அது யாரோட குரலும் இல்லைன்னா, கூப்பிடுறது யாரோட பிள்ளையை?'

முதலாளி இரண்டு முறை படித்தார். "அது மெஷின் கோளாறு. சரி பண்ணிடுவோம். நீங்க இல்லேன்னா வெளியில ஆயிரம் பேர் நிக்கிறான்."

"நிக்கட்டும் சார்," என்றேன். "அவங்க வீட்டுக் கதவையும் தட்டுவோம். எல்லாருக்கும் வீட்டுல கூப்பிட ஒரு ஆள் இருக்கும்."

"வேலையும் வேணாம், கையெழுத்தும் கிடையாதுன்னா இங்க எதுக்கு நிக்கிறீங்க?"

"பேசத்தான் வந்திருக்கோம். எங்களைக் கேக்காம எங்க குரலைத் தொடக் கூடாது. அக்கா குரலை மெஷின்லேருந்து எடுக்கணும். அவளுக்கு ஸ்டூடியோ பொறுப்பு ஏத்துக்கணும். இதுக்குப் பதில் வர்ற வரைக்கும் இங்கே யாரும் சாகவும் மாட்டோம், இருமவும் மாட்டோம்."

முதலாளி கத்திரியின் பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெளியே வா என்றார். கத்திரி எழுந்தான். எங்களைப் பார்த்தான். ஒரு பட்டனை அமுக்கினான். எங்கள் தலைக்கு மேல் பதிவு விளக்கு சிவப்பாக எரிந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து எங்களோடு நின்றான். பதின்மூன்று பேர்.

தெருவில் முதல் லாரி போனது. அறை லேசாக அதிர்ந்தது. ஒருவரும் நகரவில்லை.

அந்த மூன்று கோரிக்கையையும் எல்லாரும் ஒரே குரலில் சொல்வதென்று பேசி வைத்திருந்தோம். மூச்சை இழுத்தோம். யாரும் சொல்லிக் கொடுக்காமலே, அவரவர் மூச்சுக்குள் அவரவர் ஆளைக் கூப்பிடுவது கேட்டது. கிழவர் தன் தம்பியை. கத்திரி தன் அம்மாவை. நான் என் இரண்டையும்.

அக்காவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முதலாளிக்கு எதிரே, அவள் மைக்கின் சத்தத்தை அளக்கும் ஊசி மெல்ல எழுந்தது.

வெட்ட ஆளில்லை. நாங்கள் வாயைத் திறந்தோம்.