கன்னத்துப் பச்சை

1

இந்தக் கதை ஒரு பயணக் குறிப்பிலிருந்து பிறந்தது. கால்பந்து பார்க்க ஒரு மாகாண நகரத்துக்கு வரும் வெளிநாட்டு ரசிகர்களுக்கான குறிப்பு. விமானம், ரயில், டிராம், டாக்ஸி என்று எல்லா வழியையும் பொறுமையாகச் சொல்லியிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி: ‘ஆட்டம் முடிந்ததும் சிறப்புப் பேருந்து உடனே கிளம்பிவிடும், தவறவிடாதீர்கள்.’

தவறவிட்டால்? அதைப் பற்றி மூச்சே இல்லை. தவறவிட்டவர்களை எழுதியாவது காப்பாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதுமுன் கடவுளைக் கும்பிடுவது என் வழக்கம். இந்த முறை கொஞ்சம் அதிகமாகவே கும்பிட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘மைதானத்திலிருந்து மஞ்சள் சட்டைக் கூட்டம் வெள்ளம்போல்...’

வேண்டாம். சொந்த மண்ணில் தோற்ற கூட்டம் வெள்ளம்போல் வராது. தேங்கித் தேங்கி, யார்மேல் கோபப்படலாம் என்று தேடிக்கொண்டு வரும்.

இரண்டாவது: ‘விசாரணைக் கவுண்டரை அக்கா பூட்டப் போன நேரத்தில், பச்சைக் கன்னத்தோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள்.’

இது இருக்கட்டும். டிராம் நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். மூன்று பக்கமும் கண்ணாடி, பின்னால் ஓய்வறை, அதன் கதவு ஒரு சந்தில் திறக்கும். இந்த அமைப்பை மறந்துவிடாதீர்கள். நான் ஒரு நிமிடம்கூட மறக்கவில்லை.

வந்தவர்கள் வயதான கணவனும் மனைவியும். ஜெயித்த பச்சை அணியின் ஆட்கள். பெரியவருக்கு இந்த ஊர்ப் பேச்சு அரைகுறையாகத் தெரியும்.

“பஸ் போயிருச்சு. இவ பாத்ரூம் வரிசையில நின்னா. பெரிய வரிசை. டிராம் இருக்கா?”

“இருக்கு ஐயா. தாராளமா ஏறலாம். முழுசா இறங்குவீங்களான்னுதான் எனக்குச் சொல்லத் தெரியல.”

“டாக்ஸி?”

“சதுக்கத்தைத் தாண்டணும்.”

மூவரும் சதுக்கத்தைப் பார்த்தார்கள். மஞ்சளாக இருந்தது.

அந்த அம்மா தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். பெரியவர் தயங்கிச் சொன்னார்: “நாங்க ஒரு கோல்தான் போட்டோம்னு சொல்றா.”

“அந்த ஒண்ணுதாம்மா பிரச்சினையே. முதல்ல ரெண்டு பேரும் உள்ள வாங்க.”

[போலீஸை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். கூப்பிட்டாள். “சதுக்கத்துலதாம்மா நிக்கிறோம்” என்றார்கள். நின்றார்கள், சதுக்கத்தின் அந்தக் கோடியில்.]

3

கழுத்துத் துண்டுகளைப் பைக்குள் திணித்துவிடலாம். கன்னத்தை என்ன செய்வது? ஆட்டத்துக்காகக் காலையில் ஆசை ஆசையாகப் பூசிக்கொண்ட சாயம். தண்ணீர் ஊற்றித் தேய்த்ததில் கழுத்துவரை இறங்கியது. அரைக் கன்னமாக இருந்தது முழு முகமானது.

அக்கா மேசை இழுப்பறையிலிருந்து களிம்பு டப்பாவை எடுத்தாள்.

“கோவிச்சுக்காதீங்க. இது குதிகால் வெடிப்புக்குப் போடுறது.”

“மூஞ்சிக்கு ஆகுமா?”

“என் குதிகாலையே சரி பண்ணுது. உங்க மூஞ்சி எம்மாத்திரம்?”

பெரியவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நடுங்கியது. அக்கா அவர் தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கை விரல்களால் களிம்பை அழுத்தித் தேய்த்தாள். தாயில்லாத வீட்டில் தன் தம்பியை இப்படித்தான் தாடையைப் பிடித்து முகம் கழுவி வளர்த்தாள். பழகிய கை. பச்சை வழுக்கிக்கொண்டு வந்தது, தோலிலிருந்து அவள் விரலுக்கு, விரலிலிருந்து மணிக்கட்டுக்கு.

விமான நிலையப் பேருந்து ஓட்டுநருக்கு அவள் போன் போட்டிருந்தாள். “சந்துக்குள்ள வந்து ஒரே ஒரு ஹாரன். ஆளை ரெடியா வைங்கக்கா” என்றிருந்தார் அவர். பெரியவரின் முகம் தெளிந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு இன்னும் ஒரு கன்னம் பாக்கி. வெளியே சத்தம் நெருங்கியது. இருவரையும் ஓய்வறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

“கடவுளே, அந்த ஹாரன் சீக்கிரம் கேக்கட்டும்” என்று வேண்டிக்கொண்டாள்.

நான் நினைத்திருந்தால் அப்போதே ஹாரனை அடித்திருக்கலாம். என் கதைதானே? ஆனால் நெரிசலில் பேருந்துகள் அப்படி வருவதில்லை.

4

“அக்கா!”

கண்ணாடியைத் தட்டியது தம்பி.

இவனை எழுதுவதில்தான் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் கையில் கல் கொடுத்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன், அவன் அவ்வளவு கெட்டவன் இல்லை. இரண்டாவதில் வெறுங்கை. அது பொய். மூன்றாவதில் பெல்ட்டைக் கழற்றி வலது கையில் சுற்றியிருந்தான். அவன் முகத்தில் மஞ்சள் சாயம் கண்ணிலிருந்து கோடாக இறங்கியிருந்தது. பின்னால், கொஞ்சம் தள்ளி, கூட்டாளிகள்.

அக்கா இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

“இன்னும் பூட்டலையா?”

“பூட்டிட்டேதான் இருக்கேன். நீ வீட்டுக்குக் கிளம்பு. மூஞ்சியைப் பாரு, அழுதியா?”

“வேர்வை.”

“கண்ணுலயா வேர்க்குது?”

“விளையாடாதக்கா. ரெண்டு பச்சை இந்தப் பக்கம் வந்துச்சாம். கிழவனும் கிழவியும்.”

“அதுக்கு?”

“சும்மா பேசத்தான்.”

“பேசுறதுக்கு எதுக்குடா பெல்ட்டு?”

யாரோ ஒருவனின் கையைப் பார்ப்பதுபோல் தன் கையைப் பார்த்தான். குரல் இறங்கியது. “எல்லாரும் நிக்கிறாங்கக்கா. நான் மட்டும் எப்படிப் போறது?”

ஓய்வறைக்குள் யாரோ இருமலை விழுங்கும் ஓசை. அவனுக்குக் கேட்டதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

“தொண்டை காயுது. தண்ணி குடு.”

பாட்டில் மேசைமேல் இருக்கிறது. யார் தண்ணீர் கேட்டும் அவள் இல்லை என்றதில்லை. இவனுக்கா சொல்வாள்? ஆனால் கொடுக்க, கையை வெளியே எடுக்க வேண்டும்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஹாரன் கேட்கிறது, ஆனால் கூட்டம் அவளுக்கு முன்னால் சந்துக்கு ஓடி... இதை மேலே எழுத என் கை வரவில்லை.

அவன் பச்சைக் கையைப் பார்க்கிறான். வாங்கிக் குடிக்கிறான். திரும்பி, “இங்க யாரும் இல்லடா, வாங்க போலாம்” என்கிறான். எனக்கு வேண்டியது இதுதான். திரும்பத் திரும்ப எழுதினேன். ஒவ்வொரு முறையும், அவன் நாக்கை நான் விரலால் பிடித்து அசைப்பதுபோலவே இருந்தது. மனிதர்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. அதற்காக அதை இன்னொருவன் வாயில் திணிக்கலாமா?

ஒன்று மட்டும் உறுதியாகத் தெரியும். அக்கா கொடுத்தாள். கண்ணாடிக்குக் கீழுள்ள சிறு திறப்பு வழியாக, மணிக்கட்டுவரை பச்சையேறிய கையோடு, பாட்டிலை நீட்டினாள். புதுப் பாட்டில். மூடியைத் திருக இரண்டு கையும் வேண்டும். பெல்ட் சுற்றிய கையால் முடியாது.

அவளுக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன், கும்பிட்டபடி. அந்தப் பக்கம், தம்பியின் இடத்துக்கு, ஆள் வேண்டும். அங்கே உங்களை நிறுத்துகிறேன், மன்னியுங்கள். தோற்றது உங்கள் அணி. பெல்ட் உங்கள் கையில். முதுகுக்குப் பின்னால் உங்கள் கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தொண்டை காய்கிறது.

“இந்தாடா,” என்கிறாள் அக்கா.