சுவரில் ஓடிய லொறி

1976இல் மெல்பேர்னின் கிளென் வேவர்லியில், அரியரத்தினம் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த லொறி மாதத்துக்கு ஒரு விரலளவு நகரத் தொடங்கியது. அது ஒரு பத்திரிகைப் படத்துக்குள் இருந்தது. இலங்கையில் எழுபத்தொன்றாம் ஆண்டுப் புரட்சியில் பிடிபட்ட சிங்களப் பொடியன்களை ஏற்றிப்போகும் இராணுவ லொறி. மெல்பேர்ன் பத்திரிகைகள் பழசென்று கழித்த அந்தப் புரட்சிப் படங்களை, பின்பக்கத்தில் பத்திரிகை முத்திரை அழியாததாகப் பார்த்து, ஞாயிறு சந்தைகளில் தேடித் தேடிச் சேர்ப்பவர் அரியரத்தினம். அவையள் எங்கட ஆக்களும் இல்லையே என்று கேட்டவர்களோடு அவர் பிறகு கதைக்கவில்லை.

லொறி எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியும். அதுதான் வினை. அந்தத் தெரு முடியும் ஆற்றங்கரையின் படமும் அவரிடம் இருந்தது. அதில் ஆட்கள் இல்லை, செருப்புகள் மட்டும் கிடந்தன. லொறிப் படத்தைக் கவிழ்த்து வைத்தார், அலுமாரியில் பூட்டினார். லொறி நிற்கவில்லை. திரும்பவும் சுவரிலேயே மாட்டினார். படமெடுத்த நிறுவனத்துக்குப் போன் பண்ணினார். பழைய செய்தி என்று வைத்துவிட்டார்கள். மனுஷன் சோறு இறங்காமல் பாதியானார்.

மறு வருடம் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்த குடும்பச் சிநேகிதி யோகராணி, லொறியின் ஓரத்தில் நின்றவனை அரியரத்தினத்தின் செத்துப்போன தம்பி என்று நினைத்து, கண்ணாடிமேல் அவன் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள்.

"ஐயோ யோகராணி, உயிரோட இருக்கிற பிள்ளையின்ர படத்துக்கு ஆரும் பொட்டு வைப்பினமோ?" என்று பதறினாள் அவர் மனைவி கமலினி.

"செத்த ஆள் எண்டெல்லோ நினைச்சனான்!"

மறுநாள் காலை அவன் லொறியில் இல்லை. ஆற்றங்கரைப் படத்தில் ஒரு சோடி செருப்பும் குறைந்திருந்தது. செத்தவனை எதற்குக் கொண்டுபோவது என்று இறக்கிவிட்டார்கள் போலும். மற்றவர்களுக்கும் பொட்டு வைக்க, அரியரத்தினம் சந்தனம் அரைக்க ஓடினார். குழைத்துக்கொண்டு வருவதற்குள், ஏற்கெனவே விளிம்பை எட்டியிருந்த லொறி சட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது. வெறுந்தெருவுக்கு முன்னால் நின்று குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார்.

செத்த திதி தெரியாதவர்களுக்குப் புரட்டாதி அமாவாசையில் படைப்பது வழக்கம். கமலினி லொறியில் நின்ற எல்லோருக்கும், இறங்கிப்போனவனுக்கும் சேர்த்து, ஒவ்வொரு தட்டு வைத்தாள். மற்றத் தட்டுகள் வைத்தபடியே ஆறிப்போயின. ஒன்று மட்டும் காலியாகி, கறிவேப்பிலை ஓரமாக ஒதுக்கியிருந்தது. செத்தவர்கள் கறிவேப்பிலை ஒதுக்குவார்களா என்று கேட்க அப்போது அந்தப் பக்கத்தில் ஐயரும் இல்லை. அடுத்த வருடம் அவள் அந்த ஒரு தட்டுக்குக் கறிவேப்பிலை போடாமல் சமைத்தாள்.