தொட்டிக்குப் போட்ட சீல்

…சீல் அறுந்திருக்கும், கட்டாயம் அறுந்திருக்கும், மச்சான் இரண்டு ராத்திரி முழுசாக ஹாலில்தான் படுத்திருக்கிறான், கைக்கெட்டும் தூரத்தில் மீன்தொட்டி, அறுக்காமல் அவனால் எப்படி இருக்க முடியும் என்று நினைத்தபடியே பகலவன் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தான். மனைவி யசோதரா செருப்பு மாட்டுவது கேட்டது, அவள் தம்பி அறிவு தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் திணிப்பது கேட்டது, அவனுக்கு எர்ணாவூரில் வாடகைக்கு ஓர் அறை இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அக்காவும் தம்பியும் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். "மாமா தூங்குறாரா?" என்றான் அறிவு. "தூங்கற ஆளு இப்டியா மூச்சு வுடும், நடிக்குது, நீ வா" என்றாள் அவள். நடிக்குதாம்… யார் நடிக்கிறார்கள் என்பது இன்னும் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். கதவைச் சாத்தினார்கள், மூன்று மாடியும் செருப்புச் சத்தம் இறங்கி முடிகிறவரைக்கும் எண்ணிக்கொண்டு கிடந்தான். உடனே எழுந்து ஓடவில்லை, பல் துலக்கினான், முகம் கழுவினான், பரீட்சை ரிசல்ட்டைப் பிரிக்கப் பயப்படுகிற பையன் மாதிரி ஹால் பக்கம் திரும்பாமலே சமையலறையில் நின்று தண்ணீர் குடித்தான்.

ஏற்பாடு யசோதராவுடையது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எட்டாவது நியான் மீன் செத்து மிதந்தபோது அவன் அறிவைப் பார்த்துக் கேட்ட கேள்வியில் வீடே கலீஜாகிவிட்டது, "இன்னாடா ஊத்துன, பெயின்ட் கைய உள்ள வுட்டியா, இன்னாதான் பண்ண?" அறிவு தலையைக் குனிந்துகொண்டு "நான் ஒன்னும் பண்ல மாமா" என்றான், குனிந்துகொண்டு ஏன் சொல்ல வேண்டும், நிமிர்ந்து சொன்னால் என்ன? அப்போதுதான் பகலவன் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த மஞ்சள் பிளாஸ்டிக் சீலை எடுத்தான், கன்டெய்னர் கதவில் மாட்டுவது, ஒருமுறை பூட்டினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு எண், அந்த எண்ணில் உலகத்திலேயே இன்னொரு சீல் கிடையாது. தொட்டியின் பலகை மூடியில் இரண்டு கொக்கி அடித்து அதில் மாட்டிப் பூட்டினான். இரண்டு நாள் தீனி இல்லாவிட்டால் மீன் செத்துவிடாது. யசோதரா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாக் கீதுய்யா, வூட்டுக்குள்ள சீலு. ஞாயித்துக்கெழம காலைல பாரு. அறுந்து கெடந்தா அவன் கெளம்பட்டும். அறுவாம கெடந்தா அவன் கைய புடிச்சி மன்னிப்பு கேளு." சரி என்றான். அந்தச் சரி சொல்லும்போதே அறுந்துதான் கிடக்கும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை, அவனுடைய வாழ்க்கையில் சந்தேகம் இல்லாத ஒரே விஷயம் அதுதான்.

பதினாறு வருஷமாக அவன் வேலை அப்படி. துறைமுக யார்டில் குளிர்பெட்டிக் கன்டெய்னர்களைப் பார்த்துக்கொள்கிறவன், இறால், பழம், மருந்து என்று உள்ளே என்ன இருந்தாலும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை குளிர் எத்தனை என்று குறிக்க வேண்டும். அந்தப் பெட்டிகளுக்குள் எல்லாவற்றையும் பதிந்துவைக்கிற கருவி இருக்கிறது, கதவு எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை நிமிஷம் திறந்து கிடந்தது, கரண்ட் எப்போது போனது… ஆளைக் கேட்காதே, பெட்டியைக் கேள் என்பார்கள் யார்டில். வீட்டில் எதைக் கேட்பது? யசோதராவைக் கேட்டால் எனக்கு வேற வேலையில்லையா என்பாள். அறிவு வந்த அதே வாரம்தான் சாவும் வந்தது, கொடுங்கையூரில் அவன் இருந்த வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று ஒரு பையோடு வந்தான், முதலில் நத்தைகள் செத்தன, அடுத்து சிவப்பு இறால்கள், அப்புறம் நியான் மீன்கள், ஒன்று, இரண்டு, எட்டு. பெயின்ட் வேலைக்குப் போகிறவன், உடம்பெல்லாம் தின்னர் வாசனை. அதுமட்டுமா, பகலவன் டூட்டிக்குப் போனால் தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கிற ஐஸ் பாட்டிலை மாற்றுகிறவனும் அவன்தான், யாரும் சொல்லாமலே செய்தான், "நான் பாத்துக்கிறேன் மாமா" என்று. மீனையே பிடிக்காதவன் மீனுக்கு எதற்கு ஐஸ் மாற்றுகிறான், எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது? தொட்டி இல்லையென்றால் அந்த இடத்தில் ஒரு கட்டில் போடலாம் என்று கணக்குப் போட்டிருப்பான்.

மேசைமேல் போன் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டிருந்தது, மீன் வளர்க்கிறவர்களின் குரூப், ஞாயிற்றுக்கிழமை காலையென்றால் அங்கே ஒரு வழக்கம், கடையில் கிடைக்காத, கிடைத்தால் நன்றாக இருக்கும் என்கிற சாமான் ஒன்றை ஆளுக்கொன்று எழுத வேண்டும். இன்றைக்கும் வந்துகொண்டிருந்தது. லாரித் தண்ணியில் இன்றைக்கு என்ன கலந்திருக்கிறது என்று சொல்கிற குச்சி வேண்டும் என்று ஒருவர், வாயில் வைத்து உறிஞ்சாமல் தானாகக் கசடு இழுக்கிற டியூப் வேண்டும் என்று இன்னொருவர், சாபிரா அக்கா வழக்கம்போல, பசித்த மீனுக்கு மட்டும் தீனி போட்டுவிட்டுக் குண்டு மீனின் மண்டையில் தட்டுகிற மிஷின் வேண்டும் என்று கேட்டிருந்தார். சத்தமே போடாத காற்று மோட்டார், கரண்ட் போனாலும் ஒரு நாள் ஓடுகிற மோட்டார், கண்ணாடியில் பாசி பிடிக்காத தொட்டி… போன வாரம் பகலவன் எழுதியது வேறு, மூடியை யார் திறந்தார்கள், எப்போது திறந்தார்கள், யார் கை உள்ளே போனது என்று பதிந்துவைக்கிற மூடி வேண்டும் என்று எழுதினான். "மாமு, அதுக்குப் பேரு பொண்டாட்டி, ஏற்கெனவே உன் வூட்ல கீது" என்று எவனோ போட, அத்தனை பேரும் சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தொட்டி தினம் தினம் காலியாகிறது?

அவர்கள் வெறுமனே ஆசைப்படுகிறவர்கள், அவன் ஒன்றைச் செய்தே காட்டியவன், அதில் அவனுக்குக் கர்வம் உண்டு. சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் முப்பத்துமூன்று டிகிரி, சில்லர் என்கிற குளிர்விக்கும் மிஷின் வெளிநாட்டுச் சரக்கு, அதன் விலைக்கு ஒரு பழைய டூவீலரே வாங்கலாம், ஏழைக்கு ஒரு சில்லர் வராதா என்று குரூப்பில் வருஷம் தவறாமல் புலம்பல். குளிர்பெட்டி மெக்கானிக் கை சும்மா இருக்குமா? வளைத்து வளைத்துச் சுருளாக்கிய செம்புக் குழாயைத் தொட்டியின் பின்மூலையில் இறக்கினான், வெளியே ஒரு தெர்மோகோல் பெட்டி, அதில் தண்ணீரும் ஐஸ் பாட்டில்களும், அந்தக் குளிர்ந்த தண்ணீர் குழாய்க்குள்ளேயே ஓடித் திரும்பும், தொட்டித் தண்ணீரோடு கலக்காது. குளிர் என்றால் செம்பு, அவன் தொழிலில் அதுதான் அரிச்சுவடி. ஒரே நாளில் இருபத்தேழு டிகிரிக்கு இறங்கியது. வீடியோ போட்டான், குரூப்பே கட்டைவிரலைத் தூக்கியது, கொளத்தூரில் மீன்கடை வைத்திருக்கிற சாலமன் மட்டும் தனியாக மெசேஜ் அனுப்பினான், "சூப்பர் மாமு, உள்ள போற குழாய் இன்னா குழாய்?" ஆகா, வந்துவிட்டான் பாருங்கள், கடைக்காரன் எதற்குக் குழாய் விவரம் கேட்கிறான், இவன் சொல்வான், அவன் நாளைக்கே நூறு செய்து ஷோகேஸில் வைப்பான்! பகலவன் பதில் போடவில்லை. மறுபடி கேட்டான், போடவில்லை. போன் செய்தான், எடுக்கவில்லை. கடைசியில் ஒரு குரல் செய்தி அனுப்பினான், பங்கு தருகிறேன் அது இது என்று பேரம் பேசியிருப்பான் என்று அதைக் கேட்கவேயில்லை, பத்து நாளாகக் கிடக்கிறது.

ஹாலுக்குப் போனான். சீல் அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தான், கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தான், இழுத்துப் பார்த்தான், எண்ணைக் காலண்டரில் குறித்த எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டான், கொக்கியின் திருகாணியைக் கழற்றி மாட்டினால் வெள்ளிக்கிழமை அதன்மேல் அவன் தடவிவைத்த சோப்பு உதிர்ந்திருக்கும், அந்தத் தந்திரமும் அவனுக்குத் தெரியும், சோப்பும் அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை. நிம்மதியல்லவா வந்திருக்க வேண்டும், வந்ததோ ஏமாற்றம், கையில் கிடைத்த திருடன் நழுவிய மாதிரி ஓர் எரிச்சல், அப்படியென்றால் அவன் திருடனாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டா இருந்தேன்? வேண்டிக்கொண்டுதான் இருந்தான். தினமும் காலையில் அக்காவும் தம்பியும் சமையலறையில் நின்று சின்ன வயசுக் கதை பேசிச் சிரிக்கிறார்கள், அவன் உள்ளே போனால் யசோதரா சிலிண்டர் தீரப்போகிறது என்கிறாள், இத்தனை வருஷத்தில் அவனோடு அப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை, பொறாமைதான், சொந்த மச்சான்மேல் பொறாமை, வெட்கக்கேடு. அப்புறம்தான் கண்ணாடிக்குள் பார்த்தான். மிச்சமிருந்த ஏஞ்சல் மீன் ஜோடியில் பெண் அடியில் சாய்ந்து கிடந்தது, கண் வெளுத்துப்போய். ஆண் மேலே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

சீல் அறுபடவில்லை, உள்ளே சரக்கு கெட்டுப்போயிருக்கிறது… யார்டில் இப்படி வந்தால் ஒரே அர்த்தம்தான், வழியில் எவனும் எதுவும் செய்யவில்லை, பூட்டும்போதே உள்ளே போன கோளாறு, ஏற்றியவனைப் பிடி. உள்ளே என்ன இருக்கிறது? மணல், ஊறிப்போன மரக்கட்டை, செடி, மூன்று வருஷமாக இருப்பவை, இவற்றால் ஒரு மீனும் சாகவில்லை. புதுசாக உள்ளே போனது… பின்மூலையில் இருந்த செம்புக் குழாயைப் பார்த்தான். போனை எடுத்தான், சாலமனின் குரலைத் தேடி அழுத்தினான். "மாமு, போன எடுக்க மாட்ற. நான் சொம்மா கேக்கல. அது காப்பரா இருந்தா இன்னிக்கே தூக்கிடு. மரக்கட்ட போட்ட தண்ணி புளிப்பு மாமு, செம்ப அரிச்சி அரிச்சித் தண்ணில வுட்டுகினே இருக்கும். நத்த மொதல்ல போவும், அப்பால எறா, அப்பால சின்ன மீனு. என் கடைலயும் ஒரு தபா ஆச்சு, நானும் தெரியாம வேலைக்கு இருந்தவனப் போட்டு அடிச்சிட்டேன், பாவம்." மறுபடி கேட்டான். நத்தை, இறால், சின்ன மீன். வரிசைகூட மாறவில்லை. அறிவு பையோடு வந்த அன்றைக்குத்தானே குழாயை இறக்கியது, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன்கூட அவன்தானே, "நல்லாப் பண்ற மாமா" என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றானே. எப்படி மறந்தது? மறக்கவில்லை, அந்தத் தேதியில் வந்தது இரண்டு, அவன் ஒன்றை மட்டும் பார்த்தான்.

சீலைப் போனில் படம் எடுத்தான், வெட்டுமுன் எண் தெரியப் படம் எடுப்பது கையோடு ஒட்டிய பழக்கம். கட்டிங் பிளேயரால் வெட்டினான், மூடியைத் தூக்கினான், இரண்டு கையையும் விட்டுச் சுருளை வெளியே எடுத்தான். தண்ணீருக்கு மேலே இருந்த பாகம் கருத்துக் கிடந்தது, உள்ளே மூழ்கியிருந்த பாகம் புளி போட்டுத் தேய்த்த சொம்பு மாதிரி பளபளத்தது, இந்தப் பளபளப்பைத்தான் மூன்று வாரமாக அவன் ரசித்துக்கொண்டிருந்தான். ஆண் மீன் மூலையில் ஒதுங்கியது, பிழைக்குமோ பிழைக்காதோ, பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும், மெதுவாக மாற்ற வேண்டும். அறிவிடம் எப்படிச் சொல்வது, கையைப் பிடித்து என்றல்லவா சொன்னாள், ஐஸ் மாற்றி மாற்றி அவன் விரலெல்லாம் வெளுத்துக் கிடந்ததைப் பகலவன் பார்த்திருக்கிறான், பார்த்துவிட்டு அந்தக் கையைத்தான் சந்தேகப்பட்டான். சொல்லிவிடலாம், வந்தவுடனே வாசலிலேயே சொல்லிவிடலாம்.

போன் அடித்தது, யசோதரா. "ரூம் பாத்தாச்சு. சின்னதுதான், ஜன்னலத் தொறந்தா கம்பெனி வாட வருது. சீலு இன்னாச்சு?"

"அறுவல. நம்பர் கரீட்டாக் கீது." அவள் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "அவன வரச் சொல்லு யசோ. எங்கயும் போவ வாணாம், இங்கயே இருக்கட்டும்."

"அவன் இருக்க மாட்டானாம்யா. சீலு அறுந்தாலும் போறது, அறுவாட்டியும் போறதுன்னு வெள்ளிக்கெழமயே முடிவு பண்ட்டானாம். சீலு போட்ட வூட்ல எப்டிக்கா படுக்கறதுன்னு கேக்கறான், நான் இன்னா பதில் சொல்றது?" குரல் கொஞ்சம் உடைந்தது, சரிசெய்துகொண்டாள். "அது கெடக்கட்டும், அப்ப மீனு இன்னாத்தாலதான் சாவுது?"

சுருள் அவன் கையில் இருந்தது, முழங்கை வழியாகத் தண்ணீர் லுங்கியில் சொட்டிக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்று இப்போதுதானே நினைத்தான், ஒரே வார்த்தை, குழாய், அவ்வளவுதான். "தெரியல" என்றான்.

"சரி வுடு. தண்ணில இன்னா வருதோ யாரு கண்டா. நீ ஒன்னும் மனசுல வெச்சிக்காத, இட்லி மூடி வெச்சிருக்கேன், எட்த்துத் துன்னு" என்று வைத்துவிட்டாள். ஒரு கேள்வி கேட்கவில்லை, குரலில் ஒரு முடிச்சு இல்லை, மூன்று வாரமாக இந்த வீட்டில் ஒருவர் சொன்னதை ஒருவர் இப்படி நம்பியதேயில்லை. பகலவன் சுருளைக் கீழே வைக்காமல் நின்றான். அத்தனை சுலபமாக ஏன் நம்பினாள்… நிஜமாகவே நம்பினாளா, இல்லை அவளுக்கு முன்பே தெரியுமா, தெரிந்துகொண்டுதான் நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்தாளா, அறிவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தானா… இந்தக் கேள்விகளை வேறு எவனும் வந்து உள்ளே போடவில்லை, எல்லாம் தன்னுடையதுதான் என்று அவனுக்குத் தெரிந்தது, தெரிந்தும் கேட்டுக்கொண்டே நின்றான்.