பி லைனில் கேட்ட குரல்

கோட்டைக் கதவு நடிகை நைரியின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி இறங்கியது. மரமும் இரும்புமாக ஒரு குதிரை கனம். அவள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றாள். என் விரல் ஹெட்செட்டின் பேசும் பொத்தானிலேயே ஒட்டிக்கொண்டது, எடுக்க வரவில்லை.

டனீடின் நகரில் எங்கள் நாடக அரங்கத்தில் அன்று மதியம் முழு ஒத்திகை. நான் மேடை மேலாளர். ஹெட்செட்டில் நான் “போ” என்றால்தான் மேடையில் எதுவும் அசையும். அதனாலேயே வேறு எதற்கும் எங்கள் பேச்சு லைனில் அந்தச் சொல்லை யாரும் சொல்லமாட்டார்கள். ஏ லைனில் விளக்கைப் பார்த்துக்கொள்ளும் ப்ரான்வென். பி லைனில், மேலே கயிற்றுத் தளத்தில் நின்று கதவை இறக்கும் விலி. முதலில் விளக்கு அணையும், நைரி விலகுவாள், அப்புறம்தான் கதவு. விலியைத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டு, ஏ லைனில் விளக்குக்குப் “போ” என்றேன். விளக்கோடு சேர்ந்து கதவும் இறங்கிவிட்டது.

விலி ஏணியில் இறங்கி வந்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்த டோங்காத் தீவுக்காரன்.

“நீதான போ சொன்னே, ரோனா?”

“விளக்குக்குச் சொன்னேன்டா. உன் லைன் பொத்தானை நான் தொடவே இல்ல.”

“என் காதுல கேட்டுச்சு. உன் குரல்தான்.”

“கனவுல கேட்டிருப்பே.”

அரங்கத்தின் மேலாளர் கார்டன் பார்வையாளர் இருக்கையிலிருந்து மேடைக்கே ஏறி வந்துவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது. “அந்தப் பொண்ணு செத்திருப்பா, விலி. பையை எடுத்துட்டு வீட்டுக்குக் கிளம்பு. இனிமே கயித்தைத் தொடவேண்டாம்.”

ஒலிக்காரன் ஃபெர்கஸ் விலியின் தோளில் கை போட்டான். விலியின் தங்கையைக் கட்டியவன். “காதை ஒரு டாக்டர்கிட்ட காட்டு மச்சான். இத்தனை சத்தத்துல நின்ன காது, பாவம்.”

எவ்வளவு அன்பான மனிதன் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அன்று காலையில்தான் ஃபெர்கஸ் வாடகைக்கு எடுத்த கம்பியில்லா ஹெட்செட்களை எங்கள் பழைய கம்பி லைன்களோடு ஒரு இன்டர்ஃபேஸ் பெட்டி வைத்து இணைத்திருந்தான். அதன் முதுகில் லைனுக்கு ஒன்றாக, லைனின் முனையை அடைக்கும் டெர்மினேஷன் சுவிட்ச். ஒவ்வொரு லைனுக்கும், இந்தப் பெட்டியிலோ லைன்கள் புறப்படும் மெயின் ஸ்டேஷனிலோ, ஒரே ஓரிடத்தில் டெர்மினேஷன் இருக்கவேண்டும். இரண்டு இடத்தில் இருந்தால் குரல் தேய்ந்துவிடும். எங்குமே இல்லாவிட்டால் பக்கத்து லைனின் பேச்சு உள்ளே வந்துவிடும். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் பெட்டியைப் பார்ப்பது ஃபெர்கஸின் வேலை, எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

பையை எடுக்க விலி மேலே ஏறினான். அவனுடைய ஹெட்செட்டை வாங்கி வர நானும் பின்னாலேயே ஏறினேன், திட்டிக்கொண்டே. அவன் சாப்பிடாத சீஸ் ரோலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். கொக்கியில் தொங்கிய ஹெட்செட்டை எடுத்து என் காதில் வைத்துப் பார்த்தேன். பி லைன். அவனைத் தவிர யாரும் இல்லாத லைன்.

அதில் ஃபெர்கஸ் பேசிக்கொண்டிருந்தான்.

“...மெயின் ஸ்டேஷன்ல போட்டிருக்கும்னு நெனச்சு பி சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேன் ப்ரான். இப்பத்தான் பாத்தேன், அங்கயும் இல்ல.”

“அப்ப விலி சொன்னது நெசமா?” ப்ரான்வென்னின் குரல். இருவரும் ஏ லைனில் பேசுகிறார்கள்.

“மெதுவா பேசு. ரோனா மேல போயிருக்கா. அவ எறங்குறதுக்குள்ள சுவிட்சைத் தள்ளிட்டா யாருக்குத் தெரியப்போகுது? என் வேலை போனா வீட்டுக் கடனை யார் கட்டுறது? அவன் ஒண்டிக்கட்டை, அவனுக்கு வேற வேல கெட—”

குரல் அறுந்தது. சுவிட்சைத் தள்ளிவிட்டான். காதுக்குள் துளிச் சத்தமில்லை. ஒரே சாட்சியும் என் காதிலேயே செத்துப்போனது.

“என்ன ரோனா? ஏன் இப்படி நிக்கிறே?” என்றான் விலி.

கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன். கர்ஜிப்பான் என்று பயந்தேன். “ஃபெர்கஸா?” என்றான். கொஞ்சம் கழித்து மறுபடியும், “நம்ம ஃபெர்கஸா?” சீஸ் ரோலைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தளத்தின் விளிம்பிலிருந்து கார்டனைக் கூப்பிட்டேன். மூச்சிரைக்க வந்தவரிடம், “இதை மாட்டிக்கிட்டு விலி பக்கத்துல நில்லுங்க. காரணம் கேக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஃபெர்கஸ் பெட்டியின் பக்கத்தில் டீயோடு நின்றான். “மச்சான் என்ன சொல்றான்? ரொம்ப அழுவுறானா?” என்றான். நான் பெட்டியைத் திருப்பி, பி லைன் சுவிட்சை அவன் கண்ணெதிரிலேயே ஆஃப் செய்தேன். அவன் கையிலிருந்த டீ தளும்பியது.

என் ஹெட்செட்டை மாட்டி, ஏ லைனை மட்டும் அழுத்தினேன்.

“போ.”

மேலிருந்து பி லைனில் கார்டன் பேசினார். “கேட்டுது.” குரல் உடைந்திருந்தது. “கடவுளே, பக்கத்துல நின்னு சொன்ன மாதிரி கேட்டுது.”

அப்புறம் ஹெட்செட் கை மாறும் சரசரப்பு. நான் என்னுடையதைக் கழற்றி ஃபெர்கஸின் தலையில் மாட்டினேன். அவன் தடுக்கவில்லை. விலியின் பெரிய குரல் வெளியில் நின்ற எனக்கே கேட்டது.

“மச்சான், எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.”