அரைச் சுற்று

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. குளியலறைக் கதவின் கைப்பிடியில் கிடைத்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தபோது, அந்தக் கைப்பிடி கடகடவென்று ஆடியது. அதற்கு முந்தைய திங்கட்கிழமை அலமாரிக் கதவு ஆடியது. அதற்கும் முந்தைய வாரம் அழைப்பு மணி இழுத்து இழுத்து அழுதது. நான் அச்சகத்தில் பிழை திருத்துபவள். பத்தொன்பது வருடமாக அடுத்தவர் தப்பைத் தேடியே சோறு சாப்பிடுகிறேன். ஒரே மாதிரியான பிழை மூன்று முறை வந்தால் அது பிழையல்ல, யாரோ தெரிந்தே செய்வது.

மூன்று பிழைக்கும் முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று ஞாயிற்றுக்கிழமையும் மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டார்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை போன பிறகு இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை வீட்டில் இருக்கிறார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு திருப்புளி இருக்கும். என் மகள் அவருக்கு வைத்த பெயரே திருப்புளித் தாத்தா.

நாலாவது ஞாயிறு, துணி மடிக்கிற சாக்கில் நான் கதவிடுக்கில் நின்றுகொண்டேன். மாமா கை கழுவப் போனார். கழுவினார், துடைத்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பையிலிருந்து திருப்புளியை எடுத்துச் சமையலறை இழுப்பறையின் திருகாணியை இடப்பக்கமாக அரைச் சுற்று சுற்றினார். பிறகு சீட்டியடித்துக்கொண்டே பழம் சாப்பிட வந்துவிட்டார்.

புதன்கிழமை நான் கூப்பிட்டேன். "மாமா, இழுப்பறை ஆடுது."

"அடடா! அப்படியா? இரு, இப்பவே வர்றேன்!" எழுபத்தாறு வயதுக் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

கணவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால், "திருகாணி ஆடல, உனக்குத்தான் மரை கழண்டுபோச்சு" என்பார்.

2

பத்திரிகை ஆசிரியர் முதியவரைப் பற்றி ஒரு கதை கேட்டிருந்தார். "படிச்சா கண்ணுல தண்ணி வரணும்மா" என்றார். சரி என்று உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இப்படி:

அந்த முதியவர் ஜன்னலோரம் தனியே அமர்ந்து, யாரும் வராத தெருவை வெறித்துப் பார்த்தபடி, தன் கடந்த காலத்தின்

[இங்கே நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அந்த நேரத்தில் அந்த முதியவர் எங்கள் கூடத்தில் என் மகளோடு சீட்டாடிக்கொண்டிருந்தார்.]

"தாத்தா, கள்ளாட்டம் ஆடுறீங்க!"

"வயசாயிடுச்சு கண்ணு. கண்ணு சரியா தெரியல."

"கண்ணு தெரியலன்னா என் சீட்டு மட்டும் எப்படித் தெரியுது?"

இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு எப்படி அழவைப்பது? இரண்டாவது தொடக்கம்:

பிள்ளைகள் பெற்றவரை மறந்துவிடுகிற இந்தக் காலத்தில்

[இதுவும் செல்லாது. பிள்ளைகள் மறக்கவில்லை. மூன்று பிள்ளைகள் வீட்டிலும், மாதத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து ஞாயிற்றுக்கிழமை விருந்து நடக்கிறது. அவர் மூன்றாவது முறை சோறு கேட்கும்போது மறந்ததுபோல் நடிக்கிறோம், அவ்வளவுதான்.]

நான் எழுதுவது மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. "என்னைப் பத்தியா? எழுது, எழுது. டாக்டரப் பத்தி எழுதுறாங்க, போலீஸப் பத்தி எழுதுறாங்க. லிஃப்ட் மெக்கானிக்கைப் பத்தி எவன் எழுதுறான்?" என்றார். இரண்டடி போய்த் திரும்பி வந்தார். "ஒண்ணே ஒண்ணும்மா. கடைசியில என்னைச் சாகடிச்சிடாத. ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இருக்கு."

3

இந்த இடத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் நானே கேட்டுக்கொள்கிறேன், பக்கம் நிறைய வேண்டுமே. வர வேண்டுமென்றால் அவர் சும்மாவே வரலாமே? கழற்றிவிட்டுத்தான் வர வேண்டுமா?

நான் சுற்றி வளைத்து இதை அவரிடமே கேட்டேன். "மாமா, வேலை இல்லாத நாள்லயும் வாங்களேன்."

"அது எப்படிம்மா? புகார் வந்தாத்தான் நாங்க போவோம். புகார் இல்லாம போய் நின்னா, வாட்ச்மேனே என்ன விஷயம்னு கேப்பான்."

முப்பத்தெட்டு வருடப் பழக்கம். தன் மகன் வீட்டுக்குக்கூடப் புகார் இல்லாமல் போகக் கூச்சம். ஞாயிறு விருந்துக்கு அழைப்பு உண்டு, அதனால் தலை நிமிர்ந்து வருவார். மற்ற ஆறு நாளுக்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் கிடைத்துவிட்டால், பத்து நிமிட வேலைக்கு மூன்று மணி நேரம் இருப்பார். தேநீர் இரண்டு தடவை. பேத்தியின் கணக்குப் பாடத்தைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுப்பார். பக்கத்து வீட்டுச் சண்டையை முழுசாகக் கேட்டுத் தீர்ப்பும் வழங்குவார். நான் மெய்ப்புத் தாள்களைத் திருத்த, எதிரே உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். போகும்போது, "இன்னிக்கு நல்லா பொழுது போச்சும்மா" என்பார். எனக்கும்தான் போயிற்று. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அவருடைய சட்டம் இது: அரைச் சுற்றுக்கு மேல் கழற்றக் கூடாது. வேறொரு பேச்சில் அவரே சொல்லியிருக்கிறார். "அரைச் சுத்து தளர்ந்தா சத்தம் வரும். சத்தம் வந்தா ஆளைக் கூப்பிடுவான். அதுக்கு மேல போனாத்தான் ஆபத்து."

(என் கொழுந்தன் இந்த இடத்தில் தன்னையும் கதையில் சேர்க்கச் சொல்கிறார். அவர் பல் மருத்துவர். "கதையில இதய டாக்டர்னு போடுங்க அண்ணி, கௌரவமா இருக்கும்" என்கிறார். முடியாது. பின்னால் அவருடைய பல் பிடுங்கும் கருவி தேவைப்படுகிறது.)

பிறகு மாமாவுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நாலு வாரம் குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது, வெளியே அலையக் கூடாது. அந்த நாலு வாரமும் மூன்று வீட்டிலும் ஒரு பொருள்கூடக் கெடவில்லை. தினமும் சாயங்காலம் தொலைபேசியில் கூப்பிடுவார்.

"எல்லாம் ஓடுதாம்மா?"

"ஓடுது மாமா."

"ஓ."

அந்த "ஓ"வை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. காதில் விழுந்திருந்தால் உங்களுக்கும் சோறு இறங்கியிருக்காது.

4

நாலு வாரம் முடிந்த ஞாயிறு. விருந்து எங்கள் வீட்டில். சூப், சோறு, நடுவில் ஒரு கேக். தையல்கடை வைத்திருக்கும் என் நாத்தனார் வந்தார், கொழுந்தன் வெள்ளைக் கால்சட்டையில் வந்தார், மாமா கறுப்புக் கண்ணாடியோடு எல்லாருக்கும் முன்னால் பதினோரு மணிக்கே வந்துவிட்டார். என் கணவர் மருந்துக் கடையைப் பாதி நாளில் மூடிவிட்டு வந்தார். மகளோடு சேர்த்து மொத்தம் ஆறு பேர்.

எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு நாலு கால், காலுக்கு ஒரு போல்ட்டு. இரண்டு கால் சுவரோரம், ஒன்று குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால். ஜன்னல் பக்கத்துக் கால் ஒன்றைத்தான் கை எட்டும். இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். அன்று காலையிலிருந்து அந்த மேஜைக்கு அடியில் போகாதவர்கள் யாருமே இல்லை. நாத்தனாருக்குத் தோடு விழுந்தது. கொழுந்தனுக்குச் செல்போன் விழுந்தது. என் கணவர் எதைத் தேடினார் என்று அவருக்கே தெரியவில்லை.

எல்லாரும் உட்கார்ந்தோம். சூப் பாத்திரத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன்.

மேஜை முதலில் "க்ரிக்" என்றது. பிறகு யோசித்தது. பிறகு ஜன்னல் பக்கமாக மெதுவாக, மரியாதையாகக் குனிந்தது. சூப் பாத்திரம் கிளம்பிவிட்டது.

"ஐயோ, ஐயோ, பிடிங்க!"

மாமா மட்டும் கத்தவில்லை. நாங்கள் கண் இமைக்குமுன் இரண்டு கையாலும் விளிம்பைத் தாங்கிவிட்டார். கேக்கை என் மகள் நெஞ்சோடு அணைத்துக் காப்பாற்றினாள். சூப் மட்டும் கொழுந்தனின் வெள்ளைக் கால்சட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. நல்லவேளை, அது ஆறியிருந்தது. என் சமையலில் வழக்கம்தான்.

என் கணவர் ஓடிப்போய் மூன்று அகராதிகளை அடுக்கி மேஜைக்கு முட்டுக் கொடுத்தார். டாக்டர் சொன்ன நாலு வாரம்தான் முடிந்துவிட்டதே, மாமா மேஜைக்கு அடியில் நுழைந்தார். கீழேயிருந்து குரல் வந்தது.

"யாரு இத..."

அதோடு நின்றுவிட்டது. போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, அதன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாங்களும் அவரைப் பார்த்தோம்.

"மரம் சுருங்கியிருக்கு" என்றார். "வெயில் காலம்ல."

"ஆமாப்பா, வெயில்" என்றார் நாத்தனார்.

"சரியான வெயில்" என்றார் என் கணவர்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "புதன்கிழமை வந்து போட்டுத் தர்றேன்."

அவர் கை கழுவப் போனதும் சமையலறையில் குசுகுசுவென்று விசாரணை நடந்தது. நாத்தனார் கத்தரிக்கோல் முனையால் அரைச் சுற்று. கொழுந்தன் பல் பிடுங்கும் கருவியால் அரைச் சுற்று. என் கணவர் மாத்திரை எண்ணும் தகட்டால், மகள் ஐஸ்க்ரீம் கரண்டியால், ஆளுக்கு அரைச் சுற்று. அவருடைய ரகசியம் எல்லாருக்குமே தெரிந்திருக்கிறது. தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒவ்வொருவரும் இத்தனை நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

"பாவம், நாலு வாரமா வேலையே இல்லாம இருந்தாரேன்னுதான்..." என்றார் கொழுந்தன், கால்சட்டையைப் பிழிந்துகொண்டே.

"அம்மா, நீ?" என்றாள் மகள்.

அச்சகத்து இரும்பு அளவுகோல். நானும் அரைச் சுற்று.

"அதையும் சேர்த்தா ரெண்டரைதானே ஆச்சு?" என்றார் என் கணவர். "அந்தப் போல்ட்டு கழல மூணு சுத்து வேணுமே."

எல்லாரும் கூடத்தை எட்டிப் பார்த்தோம். மாமா சீட்டியடித்துக்கொண்டே கேக் வெட்டிக்கொண்டிருந்தார்.

6

புதன்கிழமை வந்தார். போல்ட்டைப் போட்டு, இரட்டை நட்டு வைத்து, இனி இந்த வீடே இடிந்தாலும் இந்தக் கால் மட்டும் நிற்கும் என்கிற மாதிரி முறுக்கினார். ஒரு தேநீர் குடித்தார். பத்தே நிமிடத்தில் கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு மூன்று வாரமாக மூன்று வீட்டிலும் எதுவும் ஆடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறார், சாப்பிடுகிறார், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சட்டைப் பையில் பேனா இருக்கிறது. என் கணவர் வேண்டுமென்றே ஒரு குழாயைத் தளர்த்திவிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். "பிளம்பரைக் கூப்பிடுப்பா. எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்று வைத்துவிட்டார். சாயங்காலம் மட்டும் தொலைபேசி தவறுவதில்லை. "எல்லாம் ஓடுதாம்மா?" "ஓடுது மாமா." "ஓ."

ஆசிரியர் முடிவு கேட்கிறார். என்னிடம் இருப்பவை இவை:

முதியவர் இறந்துபோகிறார். (கூடாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

எல்லாரும் மாமாவைக் கட்டிப்பிடித்து, உங்களுக்காகத்தான் கழற்றினோம் என்று அழுகிறார்கள். (எங்கள் வீட்டில் கட்டிப்பிடிக்கிற வழக்கம் கிடையாது. பாசம் வந்தால் இன்னொரு கரண்டி சோறு வைப்போம். மேலும், அப்படிச் சொல்லிவிட்டால் அவர் மானம் என்ன ஆவது?)

மகள் போய் நேரடியாக, "தாத்தா, சும்மா வாங்க" என்கிறாள். (போய்ச் சொன்னாள். "புகார் ஏதாவது இருக்கா கண்ணு?" என்று கேட்டாராம்.)

இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். நாலுக்குப் பிறகு ஐந்து எங்கே?

அந்தப் பகுதியை எழுதினேன். போல்ட்டின் தலையில் ஐந்து விதமான கீறலைப் பார்த்த மாமாவுக்கு எல்லாம் புரிந்ததா இல்லையா, புரிந்திருந்தால் அவருக்கு வந்தது வெட்கமா வருத்தமா என்பதெல்லாம் அதில் இருந்தது. எடுத்துவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் நான் தெரிந்தே விட்ட முதல் பிழை இதுதான். கதையின் மற்ற இடங்களை இறுக்கமாகத்தான் முடுக்கியிருக்கிறேன். இந்த ஒன்று மட்டும் அரைச் சுற்று.

நாளைக் காலை இதன் மெய்ப்பை மாமா வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன். புதுக் கண்ணோடு படிப்பார். இந்தப் பத்தியையும் படிப்பார். தன் குட்டு முழுக்க அச்சில் ஏறியிருப்பதையும் பார்ப்பார். கோபித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையும் வராமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் மாடி எண்ணியவர். நாலாவது மாடிக்கு மேல் ஆறாவது மாடி வந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது.

"ஏம்மா, அஞ்சைக் காணோமே?" என்று கூப்பிடுவார் என நம்புகிறேன். கூப்பிட்டால், "ஐயையோ, அப்படியா மாமா? எனக்கு ஒண்ணும் புரியல, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்பேன். வருவார். தேநீர் இரண்டு தடவை. தாளை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "காகிதம் சுருங்கியிருக்கும்மா. வெயில் காலம்ல" என்பார்.

இனி உங்கள் பாடு. ஐந்தாம் பகுதியை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: விட்டுப்போனதாகப் பத்திரிகைக்குக் கடிதம் போட்டுவிடாதீர்கள். அந்தப் புகாரை அவருக்காக வைத்திருக்கிறேன்.