மஞ்சள் துளையில் சிவப்பு வயர்

என் கணவர் அர்காட் நல்ல மனிதர். அவரோடு நண்டுப் படகில் போன யாரும் அவரைப் பற்றிக் குறை சொன்னதில்லை. ஆனால் தவக்காலத்தின் நடுவில் மிகாரேம் வாரம் வந்துவிட்டால் போதும், அவர் வாயைக் கட்ட எங்கள் செத்திகாம் ஊரில் ஆள் கிடையாது.

அந்த வாரம் முகமூடி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவோம். வீட்டுக்காரர்கள் யாரென்று கண்டுபிடித்துவிட்டால் முகமூடியைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் வந்தபடியே போய்விடலாம். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மிகாரேமில், அர்காட்டின் அக்கா ரெஜீனா வீட்டுச் சமையலறைக்குள் ஓர் உருவம் வந்தது. மஞ்சள் மழைக்கோட்டு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தலையில் உப்பலாக ஒரு மாவுச் சாக்கு. ஃபிடில் வாசித்தவர் கை சோர்ந்து நிறுத்தும்வரை அது ஆடியது. இடுப்புக்கு மேலே ஓர் அசைவு இல்லை. கால்கள் மட்டும் தரையில் மழையாய்க் கொட்டின. சுவரிலிருந்த தட்டுகள் கிலுகிலுத்தன. யார் யார் பெயரையோ சொல்லிப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் சாக்குத் தலை இல்லையென்று ஆடியது. பிறகு கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் போய்விட்டது.

மறுநாளே அர்காட், "அது நான்தான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வருஷா வருஷம் அதே பேச்சு. அவர் கல்யாண வீடுகளில் ஆடி நான் பார்த்திருக்கிறேன். வலையில் விழுந்த மீன் துள்ளுகிற மாதிரி இருக்கும். ஆனாலும் அன்றைய நெரிசலில் அவர் எங்கே நின்றாரென்று எனக்கு நினைவில்லை. கட்டிக்கொண்டவள் ஊர் முன்னால் மறுத்துப் பேசுவானேன் என்று இருந்துவிட்டேன்.

ரெஜீனாவின் கணவர் ஒனெசிம் அன்று தன் புது வீடியோ கேமராவில் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தார். ஆனால் அந்தக் கேசட் மறுநாளே காணாமல் போயிற்று. இந்த மார்ச்சில், முகமூடிப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்த ரெஜீனாவின் கையில், ஒரு பழைய கோட்டின் கைக்குள்ளிருந்து அது வந்து விழுந்தது.

உடனே எனக்கு ஃபோன். "டெலிமா, கேசட் கிடைச்சிருச்சு! ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நேரா இங்க வந்துருங்க. அவனையும் இழுத்துட்டு வா."

உள்ளங்கையளவு கேசட் அது. அந்தக் கேமராவை விட்டால் வேறெதிலும் ஓடாது. கேமராவின் பக்கவாட்டில் விரியும் குட்டித் திரை எப்போதோ செத்துவிட்டது. ஒற்றைக் கண்ணால் பார்க்கிற துளையில் படம் தெரிந்ததுதான், ஆனால் கறுப்பு வெள்ளையில், மனிதர்கள் எறும்பளவில்.

"இதுல ஒண்ணும் வேண்டாம். எனக்குப் பெருசா பாக்கணும், கலர்ல பாக்கணும்" என்று ரெஜீனா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த பெரிய டிவி சுவரில் இருந்தது. அதன் முதுகில் பழைய வயருக்கான வட்டத் துளை ஒன்றுகூட இல்லை. கேமராவின் சொந்த வயரும் தொலைந்துபோயிருந்தது. ஒனெசிம் டவுனுக்குப் போய், ஒரு முனை கேமராவுக்கும் மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பிளக்கும் உள்ள வயரையும், நடுவில் வைக்க ஒரு சின்னப் பெட்டியையும் வாங்கி வந்தார். பெட்டி தலைகீழ் ஜாதி: புதுக் கருவியின் படத்தைப் பழைய டிவிக்கு மாற்றுவது. மறுபடி டவுனுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

நாங்கள் போனபோது தென்கிழக்கிலிருந்து சுவெத் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அடுப்பில் ஃப்ரிக்கோ என்கிற கோழி சூப் கொதித்தது. ஒனெசிம் டிவிக்கடியில் மண்டியிட்டிருந்தார். பெட்டிக்குத் தனியாக மின்சாரம் கொடுத்தார். கேமராவின் பொத்தானைப் படம் ஓட்டும் பக்கம் தள்ளினார். ரிமோட்டில் ஒவ்வொரு வழியாகத் தேடினார். கடைசியில் டிவியில் வந்தது வெறும் நீலம்.

"கடல் நல்லா தெரியுது மச்சான். படகு எப்ப வரும்?" என்றார் அர்காட்.

"வாயை மூடுறா."

திடீரென்று ஃபிடில் சத்தம் கேட்டது. கூடவே வண்டு குடைகிற மாதிரி ஓர் இரைச்சல். படம் மட்டும் இல்லை.

"கேசட் கெட்டுப் போச்சு, விடு மச்சான். வயசாச்சுல்ல. சாப்பிடுவோம்." அர்காட் எழுந்தே விட்டார். சாப்பாட்டுக்கு அவர் அவசரப்படுவது புதிதல்ல. ஆனால் காது நுனி ஏன் சிவந்திருக்கிறது என்று நான் யோசித்தேன்.

ரெஜீனா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்தாள். "பாட்டு வருதுன்னா படமும் எங்கயோ வந்துக்கிட்டுதான்யா இருக்கு. தப்பான வாசல்ல நின்னு கதவைத் தட்டுது. மூணு துளை, மூணு பிளக். மாத்தி மாத்திச் சொருகிப் பாரேன்."

"மஞ்சள்தான் படம். மஞ்சளை மஞ்சள்லதான் சொருகணும். குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"இந்த வயரைச் செஞ்சவனுக்குத் தெரியுமா?"

அவள் குனிந்து சிவப்பு பிளக்கைப் பிடுங்கினாள். வண்டு இரைச்சல் சட்டென்று நின்றது. மஞ்சள் பிளக்கை உருவிவிட்டு, சிவப்பை அந்த மஞ்சள் துளையில் சொருகினாள்.

நீலம் ஒருமுறை நடுங்கியது. பிறகு சுவர் நிறைய அவர்களுடைய பழைய சமையலறை! பச்சைச் சுவர், ஆவி படிந்த ஜன்னல், தோளோடு தோள் உரசி நாங்கள் எல்லோரும். நான் கத்திவிட்டேன். ஒனெசிம் ரெஜீனாவின் தலையில் முத்தமிட்டார்.

"அதெல்லாம் சரி, என்னை ஏன் இவ்வளவு குண்டாக்கி வெச்சிருக்கீங்க?" என்றேன். படம் அகலத்துக்கு இழுபட்டு எல்லோருக்கும் பூசணிக்காய் முகம். ஒனெசிம் ரிமோட்டில் ஏதோ அமுக்கினார். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்து எங்களை மெலிய வைத்தது.

அப்போது மஞ்சள் மழைக்கோட்டு உள்ளே வந்தது.

ஃபிடில் வேகம் பிடித்தது, கால்கள் கொட்ட ஆரம்பித்தன. கேமரா ஆட்டக்காரரைச் சுற்றி மெதுவாகத் திரும்பியது. பின்னால் அடுப்பு. அடுப்பருகே, ஒரு கையில் கரண்டியும் மறுகையில் கோழிக்காலுமாக, வாய் நிறைய மென்றுகொண்டு என் கணவர்.

மூன்று பேரும் அர்காட் பக்கம் திரும்பினோம்.

"அது..." என்றார் அர்காட். "அது என்னை மாதிரியே ஒருத்தன்."

"உங்க சட்டையைப் போட்டுக்கிட்டா? நான் தைச்சது அது!" என்றேன்.

ஒனெசிம் சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ரெஜீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எத்தனை வருஷம்டா! எத்தனை பேர் உனக்கு பீர் வாங்கிக் கொடுத்திருப்பாங்க!" அர்காட் முகத்தைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"அப்ப யாருதான் அது?" என்றார் ஒனெசிம்.

திரையில் ஆட்டம் முடிந்திருந்தது. உருவம் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டுக் கதவை நோக்கி நடந்தது. போகிற போக்கில் மேஜையருகே நின்றது. ஒரு பக்கம் தொங்கிய விரிப்பின் நுனியை இழுத்து நேராக்கியது. விளிம்பில் நின்ற தேநீர்ப் பானையை உள்ளே தள்ளி வைத்தது. பிறகு வெளியேறியது.

"நிறுத்துங்க!" என்றேன். "அடுத்த வீட்டுல ஆட வந்தவங்க எதுக்கு மேஜை விரிப்பைச் சரி பண்ணணும்?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் ரெஜீனாவைத் திரும்பிப் பார்த்தோம். அவள் நாங்கள் இருப்பதையே மறந்துபோய், திரையைப் பார்த்தபடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"உனக்குப் பல்வலி. மாடியில படுத்திருந்தே" என்றார் ஒனெசிம், மெதுவாக.

"பின்படி வழியா இறங்கினேன். தலையில சாக்குக்குள்ள பூரா பேப்பர் அடைச்சிருந்தேன், உசரமாத் தெரியணும்னு. கேசட்டை நான்தான் ஒளிச்சு வெச்சேன். பாத்தா கண்டுபிடிச்சிருவீங்களே. நீங்கல்லாம் இல்லாத நேரத்துல நான் மட்டும் போட்டுப் பாக்கலாம்னு நினைச்சேன். எங்க வெச்சேன்னே மறந்து போச்சு. இப்ப கிடைச்சதும், பிடிபட்டாலும் பரவாயில்ல, பாத்துடணும்னு ஆயிருச்சு. நான் ஆடினதை நான் பாத்ததே இல்ல தெரியுமா? நல்லாத்தான் ஆடியிருக்கேன் இல்ல?"

"நல்லாவா!" ஒனெசிம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என்கூட ஒருநாளாவது இப்படி ஆடியிருக்கியா?"

"நீ காலை மிதிக்காம இருந்தாத்தானே!"

அர்காட் எழுந்து அக்காவின் முன்னால் போய் நின்றார். "மன்னிச்சுக்கோக்கா. உன் ஆட்டத்தை இத்தனை வருஷம் நான் தின்னுட்டேன்."

"போடா. நீ ஒவ்வொரு தடவை பீத்திக்கிறப்பவும் எனக்குத்தானே பெருமையா இருந்துச்சு. உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டே இருந்தேன்."

அவள் ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு டிவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். "திரும்பப் போடுய்யா."

ஒனெசிம் கேசட்டைப் பின்னால் ஓட்டுவதற்குள் என் கணவர் ஃபோனைக் கையில் எடுத்துவிட்டார். வாயைக் கட்ட முடியாதவர் என்றுதான் சொன்னேனே. "எங்க அக்காடா! வேற யாரு! எங்க குடும்பத்துக் காலு! உடனே கிளம்பி வா, ஃபாதரையும் கூட்டிட்டு வா!"

இருட்டுவதற்குள் அந்தக் காற்றிலும் முற்றத்தில் கார்கள் நிறைந்துவிட்டன. ஃப்ரிக்கோவில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றி நீட்டினேன். ஒனெசிம் டிவிக்கடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வயர்ப்பக்கம் யார் காலை நீட்டினாலும் அதட்டினார். படம் ஓட ஓடக் கூட்டம் கைதட்டித் தாளம் போட்டது. ரெஜீனா நாற்காலியில் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்கு மேலே.