பதினேழாங்கட்டை

உலு லங்காட் சாலையில், கடல் தாண்டி வந்த நம்மவர்கள் ஊர்களை மைல்கல்லின் எண்ணால்தான் அழைத்தார்கள்; மைலுக்குக் கட்டை என்று பெயர். பன்னிரண்டாங்கட்டையில் ஒரு கோயில். பதினைந்தாங்கட்டையில் ரப்பர் தோட்டம். பதினேழாங்கட்டையில் சாலை வேலைக்காரர்களின் குடிசைகளும் பீர் முகம்மதுவின் தேநீர்க்கடையும். அதற்கு மேல் மலைதான்.

கன்னையாவும் நல்லம்மாளும் அந்தக் குடிசைகளில் இருந்தபோது காய்ச்சலில் மகன் இறந்தான். இரண்டு வயது. பக்கத்தில் மயானம் இல்லை. மைல்கல்லுக்குப் பின்னால், ஆற்றுச் சத்தம் கேட்கும் பக்கமாக ஏழு காலடி எண்ணி, அங்கே புதைக்கச் சொன்னவள் நல்லம்மாள்.

"வெள்ளைக்காரன் நட்ட கல்லு. யாரும் தொட மாட்டாங்க."

பிறகு பட்டணத்துக்கு, பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிட்டார்கள். குடிசைகளையும் பிரித்துவிட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மகன் இறந்த நாளில், அவள் பாலும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் ஆண்டு அந்தச் சாலையின் வளைவை நேராக்கக் கன்னையாவின் வேலைக் கூட்டத்தை அனுப்பினார்கள். சாலை கால் மைல் குறைந்தது. கற்களையும் கால் மைல் மேலே நகர்த்த உத்தரவு வந்தது. பதினேழாவது கல்லைக் கடப்பாரையால் நெம்பியவர்களில் கன்னையாவும் ஒருவன். மேஸ்திரியான மண்டோர் ரெங்கசாமியிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மகனைப் புதைத்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டான். மறுவாரம் மலையை வெட்டிய மண்ணையெல்லாம் பழைய வளைவில் கொட்டினார்கள். குச்சியும் அதற்குள் போயிற்று.

பீர் முகம்மது கடையைப் பிரித்துக்கொண்டு கல்லின் பின்னாலேயே போனார்.

"பதினாறே முக்கா கட்டைக் கடைன்னா எவன்லா டீ குடிக்க வருவான்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கன்னையா தனியாகப் போய்த் தேடினான். எங்கு பார்த்தாலும் ஒரே செம்மண். நான்காவது வாரம் லாலான் புல் முளைத்திருந்தது. அதன்பின் அவன் போகவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு அவனும் அவளோடு பஸ் ஏறினான். இறங்கிய இடத்தில் கடை இருந்தது, கல் இருந்தது. பீர் முகம்மது இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நல்லம்மாள் ஏழு காலடி எண்ணினாள். புல்லைக் கையால் விலக்கி, பாலை வைத்தாள். சற்று நேரம் காதுகொடுத்துக் கேட்டாள்.

"ஆத்துச் சத்தம் கேக்கலயே."

"மழை இல்ல" என்றான்.

அவள் தலையாட்டினாள். சூடம் கொளுத்திவிட்டு நகர்ந்து நின்றாள்.

"நீங்களும் கும்பிடுங்க."

கன்னையா மண்டியிட்டான். கைகூப்பிக் கண்ணை மூடினான். திறந்தபோது சூடம் அவன் முதுகுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. அவன் முகம் கீழே, பழைய வளைவின் செம்மண் மேட்டின் பக்கம் திரும்பியிருந்தது. எப்போது திரும்பினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

நல்லம்மாள் அவனைப் பார்த்தபடி நின்றாள்.

"அந்தப் பக்கமா?"

"ஆமா." கன்னையா எழுந்தான். "எந்த எடம்னு தெரியல, நல்லம்மா."

சூடம் அணையும்வரை அவள் அசையவில்லை. பிறகு பால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேட்டை நோக்கிச் சாலையில் இறங்கி நடந்தாள். இம்முறை அவள் காலடிகளை எண்ணவில்லை.